காசிம் அண்ணனுக்கு வந்த ஒன்பது அழைப்புகள்

காசிம் அண்ணனை நாங்கள் ஃபோன் செய்தே கொன்றோம். ஐந்து பேர், ஒன்பது அழைப்புகள். அவருக்கு இரண்டு காதும் கேட்காது என்பது ஐந்து பேருக்கும் தெரியும். ஒன்பதில் மூன்று என்னுடையவை.

அன்று மதியம் நான் விருதுநகரில் இருந்தேன். ஒரு மொத்த வியாபாரியிடம் தீபாவளி ஆர்டரில் கையெழுத்து வாங்கிவிட்டு, சிவகாசி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் பட்டாசுக் கம்பெனியின் வாட்ச்மேன் மாரியப்பன் கூப்பிட்டார்.

"ஏலே, காயப்போடுற களத்துல தீப்பிடிச்சிருச்சு. சங்கு ஊதி எல்லாரும் வெளிய வந்துட்டாக. காசிம் பாய் மட்டும் அட்டைக் கிடங்குக்குள்ள இருக்காரு. எத்தன தடவ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்காரு. நீ கூப்பிடுலே, ஒன் நம்பர்னா எடுப்பாரு."

நான் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. பஸ் வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்து, இடம் தேடி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது, யாரை அழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று. உடனே 'வெளிய வாங்க' என்று குறுஞ்செய்தி அடிக்கத் தொடங்கினேன். என்னுடையது எண் பொத்தான் ஃபோன். ஓர் எழுத்துக்கு மூன்று அமுக்கு. 'வெளிய' என்பதோடு நிற்கும்போது மாரியப்பன் மறுபடியும் அழைத்தார். பின்னால் பெண்கள் கதறுவது கேட்டது. களத்துத் தீ சரக்கு அறைக்குப் போய், சரக்கு அறை வெடித்து, அட்டைக் கிடங்கின் சுவர் உள்பக்கமாகச் சரிந்திருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ்ஸுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வருவாரே, அவர்தான். விருதுநகரில் மல்லியும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். அண்ணன்தம்பிகளோடு ஒத்துப்போகாமல் சிவகாசிக்கு வந்து, கம்பெனியில் லோடு ஏற்றும் இடத்தில் கணக்கராகச் சேர்ந்தார். நான் அங்கே சேர்வதற்கு முன்பே ஒரு வெடிவிபத்து நடந்திருந்தது. செத்தவர்களின் பெயர் பேப்பரில் வந்தது. லாரிக்குப் பக்கத்தில் நின்று காது போனவரின் பெயர் எதிலும் வரவில்லை. அவரை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றினார்கள். மேனேஜர் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார்: 'அங்கே சத்தமே இருக்காது பாய், நிம்மதியாக இருங்கள்.' அந்தத் தாளை அண்ணன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

"எனக்கு இனிமே எங்கன போனாலும் சத்தம் இருக்காதுலே. இந்த மனுசனுக்கு அது தெரியல, பாவம்."

எனக்கும் காட்டினார். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருந்தாராம். அவர் வாயால் பேசுவார், எதிராளி எழுதிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் எழுதுவார்கள். அப்புறம் பேனாவை வாங்கவே யோசிப்பார்கள். எண் பொத்தான் ஃபோன் வந்த பிறகு அதில் அடிக்கச் சொன்னார். அதிலும் 'சரி', 'வரேன்' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் யாரும் அடிக்கவில்லை. பிறகு துபாயிலிருந்து அவர் மச்சான் ஒரு கீபோர்டு ஃபோன் கொண்டுவந்து கொடுத்தார். பென்சில் டப்பா மாதிரி குறுக்கே திறக்கும். உள்ளே கம்ப்யூட்டரில் இருப்பதுபோல வரிசை வரிசையாகப் பொத்தான்கள். மேல்வரிசையில் எண்கள்கூடத் தனியாக இருந்தன. டீக்கடையில் அதைத் திறந்து என் கையில் வைத்தார். நான் விழித்தேன்.

"என்னலே பாக்க? எனக்கு எதுக்கு கீபோர்டு? எனக்குத்தான் வாய் இருக்கே. இது ஒனக்கு. நீ பேசுறதுக்கு."

ஊரில் எல்லோரும் தாங்கள் பேசுவதற்காக ஃபோன் வாங்கினார்கள். மற்றவர்கள் தன்னிடம் பேசுவதற்காக ஃபோன் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர் ஒருவர்தான். அன்று அதில் நான் என்ன அடித்தேன் என்று நினைவிருக்கிறது. தமிழ் எழுத்து அதில் வராது, ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். 'டீ ஆறுது அண்ணே' என்று அடித்தேன். முழு வாக்கியம். அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

அந்தப் பென்சில் டப்பாவில் ஒரு குறை இருந்தது. அது அதிராது. மணி மட்டும்தான் அடிக்கும். செய்தி வந்தால் அவருக்குத் தெரியாது. சாப்பிடும்போது அதை எதிரே திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முறை திரையைப் பார்ப்பார். யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடும் மனிதரின் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது எளிதல்ல. சில நாள் நான் வேறு மேஜைக்குப் போயிருக்கிறேன்.

வேறு ஃபோன் பார்க்கலாம் என்று சிவகாசியில் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஃபோன்களை விற்கும் கடை. கடைக்காரர் வழக்கமான பாட்டைத் தொடங்கினார், கேமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை பாட்டுப் பிடிக்கும் என்று. அதை நான் அண்ணனுக்கு அடித்துக் காட்டினேன். அண்ணன் கடைக்காரரிடம் கேட்டார்:

"அதெல்லாம் கெடக்கட்டும். இது எம்புட்டு உதறும்?"

கடைக்காரருக்குப் புரியவில்லை. அண்ணன் நான்கு ஃபோன்களைக் கண்ணாடி மேஜையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் சிம் போட்டு, அதிர்வு வைத்து, என்னை அழைக்கச் சொன்னார். எது கண்ணாடியில் அதிக தூரம் ஊர்ந்து போகிறது என்று பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "பாய், நம்ம பந்தயம் அந்தக் கறுப்பு மேல" என்று ஒருவர் கத்தினார். அவருக்குக் கேட்காது என்று யாரோ சொல்ல, கத்தியவர் வாயைப் பொத்திக்கொண்டார். கறுப்புதான் ஜெயித்தது. விண்டோஸ் ஃபோன். அடியிலிருந்து கீபோர்டு நழுவி வெளியே வரும். மேஜையிலிருந்து விழப்போனதைக் கையில் ஏந்திப் பிடித்து, "இதுதாம்லே ஃபோனு" என்றார்.

மூன்று மாதம் அதை மெச்சினார். பிறகு காய்ச்சலில் படுத்தார். மூன்று நாள் யாரும் சார்ஜ் போடவில்லை. அந்தக் காலத்து விண்டோஸ் ஃபோன்களில், பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புது ஃபோன் மாதிரி தேதி கேட்டது, ஊர் கேட்டது.

"மூணு மாசமா நூர்ஜகான் பேசுனது அம்புட்டும் இதுலதாம்லே இருந்துச்சு. எல்லாம் போச்சு. இவன் என்னையே யாருன்னு கேக்கான்."

நூர்ஜகான் மதினி வாசலில் நின்று, "ஒண்ணும் பெரிசா பேசலயே தம்பி. அரிசி இல்ல, கேஸ் தீந்துபோச்சு, இதத்தான எழுதுனேன்" என்றார். நான் அதை அடித்துக் காட்டினேன். அண்ணன் மதினியை நிமிர்ந்து பார்த்தார். "நீ பேசுனதுல கூட்டு எது, கொழம்பு எதுன்னு நான் பிரிச்சா வச்சேன்?" என்றார். மதினி உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து அண்ணன் ஃபோனின் வெளித்தோற்றத்தைப் பார்ப்பதை விட்டார். "பெட்டி எப்படி இருந்தா என்ன, உள்ள இருக்கிற ஆளு எப்படி?" என்பார். சிம்பியன், விண்டோஸ், பாம், பிளாக்பெர்ரி என்று ஃபோனை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருள்கள் எல்லாம் அவருக்கு ஆட்கள். கடன் வாங்கியும் மாற்றிக்கொண்டும் இரண்டு மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டார். சிம்பியன் தாலுகா ஆபீஸ்: எல்லாம் இருக்கும், ஆனால் வந்த கடிதம் ஒரு அறையில், போன கடிதம் இன்னொரு அறையில், யார் என்ன கேட்டு நீ என்ன சொன்னாய் என்று சேர்த்துப் பார்க்க முடியாது. விண்டோஸ் எங்கள் மேனேஜர்: தேய்த்த சட்டை, எது கேட்டாலும் ஒரு வட்டம் சுற்றவிட்டு உட்காரவைக்கும், கடைசியில் மறந்துவிடும். பாம் மட்டும் நீ பேசியதையும் அவர் பேசியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டியது. "நூர்ஜகான் மாதிரிலே. நான் எப்பச் சொன்னது, அவ எப்பச் சொன்னது, எல்லாம் வரிசையா ஞாபகம்." அதன் சார்ஜர் அறுந்தது. சிவகாசியிலும் மதுரையிலும் அதற்கு இன்னொன்று கிடைக்கவில்லை. அது அலமாரிக்குப் போயிற்று.

கடைசியாக வந்தது பிளாக்பெர்ரி. அதை அவர் மாரியப்பன் என்றே கூப்பிட்டார், வாட்ச்மேன் பெயரில். காரணம் இருந்தது. அதற்கு முன்னால் அவரை அழைப்புகள் படுத்தியெடுத்தன. இடுப்பில் அதிர்ந்தால் செய்தியா அழைப்பா என்று தெரியாது. ஆசையாக எடுப்பார், அழைப்பாக இருக்கும். எடுத்து, "எனக்குக் காது கேக்காதுங்க, எழுதிப் போடுங்க" என்று கத்துவார். ஒருநாள் அப்படி ஐந்து நிமிடம் ஒரு அழைப்பில் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக் கேட்டேன். பாட்டை ரிங்டோனாக வைக்கச் சொல்லும் விளம்பரம். பதிவு செய்த பெண் குரல். சொன்னதும் சிரித்தார். "நான் இம்புட்டு நேரம் கத்தியும் கோவிக்காம பேசிருக்கு பாரு, நல்ல பிள்ள."

பிளாக்பெர்ரியில் அழைப்புக்கு ஓர் ஏற்பாடு, செய்திக்கு வேறு ஏற்பாடு என்று தனித்தனியாக வைக்க முடிந்தது. அழைப்பு வந்தால் அசையவே கூடாது என்று வைத்தார். செய்தி வந்தால் நன்றாக அதிர வேண்டும், மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்க வேண்டும். வேண்டியவரை உள்ளே விட்டு, வேண்டாதவரை வாசலோடு அனுப்பும் வாட்ச்மேன். பூச்சட்டிப் பட்டாசுக்கு லேபிள் அச்சடித்தபோது தாளின் ஓரத்தில் மிஞ்சிய அட்டையில் ஒரு சின்ன வாசகம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். 'எனக்குக் காது கேட்காது. அழைக்காதீர்கள். எழுதுங்கள். காசிம்.' கீழே நம்பர். அந்த அட்டை மேனேஜரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அன்று அந்த மேஜையில் உட்கார்ந்துதான் மேனேஜர் அவரை இரண்டு முறை அழைத்தார்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனியில் ஆபத்து என்றால் சங்கு ஊதும். சங்கு மட்டும்தான். அவருக்கு அது ஊதினதே தெரியாது. பயிற்சிக்காக ஊதும் நாளில் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடுவார். கிடங்குக்குள் தனியாக இருந்தால் எதைப் பார்ப்பது? இது அவர் ஒருவரின் பிரச்சினையும் அல்ல. இந்தத் தொழிலில் காது மந்தமானவர்கள் எங்கள் யூனிட்டிலேயே இருக்கிறார்கள். வெளியில் சொன்னால் வேலை போகும் என்று தலையாட்டிச் சமாளிக்கிறார்கள். அவர் மேனேஜர் அறைக்கே போய்ச் சொன்னார். நான் கூட நின்றேன்.

"சார், கையகல ஃபோனுக்குத் தெரியுது, காது கேக்காதவனுக்கு விளக்கு வேணும்னு. இம்புட்டுப் பெரிய கம்பெனிக்குத் தெரியலயா? சங்கு ஊதும்போது எரியுற மாதிரி ஒரு செவப்பு விளக்கு போடுங்க. கிடங்குல ஒண்ணு, மருந்து கலக்குறவுக செட்டுல ஒண்ணு."

மேனேஜர் தலையை ஆட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபோனில் அடித்தேன்: 'பாக்கலாம்னு சொல்றாரு.' மேனேஜர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அப்படி அடித்தேன். அந்தப் பொய்யை நம்பி அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பத் தொடங்கினார். ஒரே வரி. அதற்கு மேனேஜர் என்ன செய்வார் தெரியுமா? ஃபோனில் கூப்பிடுவார். இவர் இடுப்பில் ஒன்றும் அசையாது. மதியம் திரையைப் பார்க்கும்போது தவறிய அழைப்பு ஒன்று இருக்கும்.

"மேனேஜர் கூப்பிட்டிருக்காருலே. பதில் சொல்லிருப்பாரு. நல்லாத்தான் சொல்லிருப்பாரு."

அவர் அப்படிச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். உங்களில் சிலரும் சிரித்தீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் சிரித்தோம். முதலாளி வீட்டு வாசலில் தீபாவளிக்குத் தொங்குகிற சரவிளக்கில் இரண்டு பல்பைக் கழற்றி மாட்டியிருந்தால் போதும்.

அடக்கம் விருதுநகரில் நடந்தது. அவர் குடும்பத்தார் வந்திருந்தார்கள். பள்ளிவாசல் கபர்ஸ்தானின் வாசல் ஓரம் கம்பெனி ஆட்கள் நின்றோம். அவரைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. பேசுவதற்குத் தோன்றிய ஆள் அவர் ஒருவர்தான். திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஜன்னலோர இருக்கை காலியாக இல்லை. யாரோ ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன தெரியும்?

அவருடைய ஃபோன் சுவருக்கு அடியிலிருந்து கிடைத்தது. திரையில் ஒரு கீறல், மற்றபடி வேலை செய்தது. அது முதலில் ஆபீஸுக்குத்தான் வந்தது. மேனேஜர் அதை வாங்கி, தவறிய அழைப்புகளை எண்ணினார். மறுநாள் ஒரு கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஆர்டர் பிடிப்பதோடு ஆபீஸில் தட்டச்சும் என் வேலைதான். 'எச்சரிக்கைச் சங்கு முறையாக ஊதப்பட்டது. மேலும் கிடங்குப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் ஒன்பது முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை' என்று அதில் இருந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், அவருக்குக் காது கேக்காது."

"தெரியும்ப்பா. கூப்பிட்டோமா இல்லையா?"

"கூப்பிட்டோம் சார். ஆனா..."

"ஒன்பது தடவ கூப்பிட்டிருக்கோம். அதுல மூணு ஒன் நம்பர். பொய்யா எழுதச் சொல்றேன்?"

பொய் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நான் திரும்பி வந்து அதை அடித்துக் கொடுத்தேன். கையெழுத்தாகி அது போக வேண்டிய இடங்களுக்குப் போயிற்று. ஒரு பிரதி மதினிக்கும் போயிற்று. நம்மில் யாரும் தெரியாமல் அழைக்கவில்லை. பதறினால் கை அழைக்கத்தான் போகிறது. எழுதுவதற்கு, எதிரே இருப்பவர் யார் என்று ஒரு நொடி நினைக்க வேண்டும். அவரைப் பற்றி அந்த ஒரு நொடி யாரும் நினைக்கவில்லை. அவர் சாவுக்கு அவரே காரணம் என்று ஆக்குவதற்கு அதே அழைப்புகள் இப்போது சாட்சி.

நான் மதினியைப் பார்க்கப் போனேன். கணவர் இறந்தபின் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாக் காலம் என்பதால் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். துபாய் மச்சான் வந்திருந்தார். கடிதம் மேஜைமேல் கிடந்தது. அதை அடித்தவன் நான் என்று சொன்னேன்.

"அவுக எடுக்கலன்னு எழுதிருக்காகளே தம்பி. எடுத்திருந்தா மட்டும் கேட்டிருக்குமா?"

பிறகு மதினி, கம்பெனி திருப்பிக் கொடுத்திருந்த அண்ணனின் ஃபோனை மச்சானின் கையில் கொடுத்து அனுப்பினார்.

"இத நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இந்த வீட்டுல இனிமே எழுதுறதுக்கு ஆளு இல்ல. திங்கக்கெழமை வந்தா அவுக எழுதுவாகள்ல, அத மட்டும் விட்ராதீக."

அந்த ஃபோன் என்னிடம் இருக்கிறது. அவர் வைத்த ஏற்பாடு எதையும் மாற்றவில்லை. அழைப்பு வந்தால் இன்றும் அசையாது. என் பழைய ஃபோனில், அனுப்பாத செய்திகளில், 'வெளிய' என்ற ஒரு வார்த்தையும் இருக்கிறது. அதையும் அழிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவ்வளவுதான். கம்பெனிக் கடிதத்தில் உள்ள ஒன்பதில் என் மூன்றை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவை எச்சரிக்கை அல்ல. ஒரு மனிதருக்குக் காது கேட்காது என்பதை அவருடைய நண்பன் மறந்துபோனதற்கு ஆதாரம். இதை அச்சில் பார்த்ததும் என் வேலை போகும். போகட்டும். மற்ற ஆறு அழைப்புகளுக்கு உரிய நான்கு பேரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆறு திங்கட்கிழமைகள் ஆகிவிட்டன. காலை பத்து மணிக்கு அவர் ஃபோனிலிருந்து, அவர் நம்பரிலிருந்து, அவர் எழுதிய அதே வரியை மேனேஜருக்கு அனுப்புகிறேன். போய்ச் சேர்ந்தது என்ற குறி வருகிறது. முன்பெல்லாம் பதிலுக்கு ஓர் அழைப்பாவது வரும். இப்போது அதுவும் இல்லை. இன்றும் அனுப்பினேன். சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று இதை எழுதும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

'சார், சங்கோட சேந்து எரியுற விளக்கு எப்போ போடுவீக?'